இடுப்பில் ஊர்ந்த கோடு

"வயலு லெச்சுமியாக்கும், செருப்போட மிதிக்கப்பிடாது" என்று, குன்னத்துகால் ஊரில் வாழை பயிரிடும் என் கணவர் வெறுங்காலோடுதான் இறங்குவார். போன மழையில் அவர் இடுப்புத் தோலுக்கடியில் ஒரு சிவப்புக் கோடு நெளிந்து நகர்ந்தது.

பக்கத்து லேபில் ரத்தத்தை உடனடி டெஸ்ட் கார்டில் சொட்டிப் பார்த்து, புழு இல்லை என்றார்கள். அதை நம்பி, மூச்சிளைப்புக்கு டாக்டர் தந்திருந்த ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கப் போனார். கோடு மறுபடி ஊரவே, டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"உள்ள புழு கெடந்தா, ஸ்டீராய்டு போட்டதும் பெருகி ஆளையே கொன்னுரும். கார்டு சிலநேரம் தவற விட்டுரும். எலைசான்னு வேற ரத்த டெஸ்டு பாப்போம்" என்றார்.

அதில் புழுவுக்கு எதிரான ஆன்டிபாடி தெளிவாகத் தெரிந்தது. மனித மலம் கலந்த மண்ணிலிருந்து அந்தப் புழு பாதத்தைத் துளைத்து ஏறுமாம். சீ!

மருந்தில் குணமானது. லேபில் எந்த டெஸ்ட் என்று கேட்டபிறகே இப்போது ரத்தம் எடுக்கக் கை நீட்டுகிறோம். கணவர் லெச்சுமியைக் கும்பிட்டுவிட்டு, பூட்ஸோடு இறங்குகிறார். புழு ஏறிய அந்தப் பாதத்தைக் கண்டால் எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை.