சைலன்ஸர் இல்லாத கார்

என் சகலை கார் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. நல்லவன் மாதிரி நடிக்க விருப்பமில்லை. அவர் என் மனைவியின் அக்கா புருஷன். வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார்களுக்குச் சைலன்ஸர் வெல்டிங் செய்கிறவன். மாமியார் வீட்டில் அவருக்கு நாற்காலி, எனக்குப் பாய். அது கல்யாணமான நாளிலிருந்து பழகிப்போனது.

ஆனால் கார் என்று பேச்சு வந்தால் அங்கே நான்தான் ராஜா. எந்தக் கார் நின்றாலும் பின்பக்கம் குனிந்து, வெல்டிங்கைப் பார்த்தே எங்கள் கம்பெனிக் குழாயா என்று சொல்லிவிடுவேன். இரண்டாவது படிக்கும் என் மகளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து, "அப்பா, இது உன்னுது!" என்று கத்துவாள். பாதி நேரம் அது எங்களுடையதாக இருக்காது. ஆமாம் என்றுதான் சொல்வேன்.

மாட்டுப் பொங்கலுக்குப் பழையசீவரத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். பெருமாள் ஊர்வலமாக அந்த ஊர் மலைக்கு வருகிற நாள். தெரு கொள்ளாத கூட்டம். அதற்குள் சத்தமே போடாமல் வந்து நின்றது அந்தக் கார். சீனாக்காரன் தயாரிப்பு, பெட்ரோல் இல்லாமல் முழுக்கக் கரண்டில் ஓடுவது.

"இன்னா அழகா வருது பாரு, பூன மாதிரி" என்று மாமியார் கற்பூரம் சுற்றினார். என் பைக் இத்தனை வருஷமாக அதே தெருவில்தான் நிற்கிறது. அதன் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட யாரும் வைத்ததில்லை.

"உக்காந்து பாருப்பா" என்றார் சகலை. குறை கண்டுபிடிக்கவென்றே உட்கார்ந்தேன். கதவோரத்து ரப்பரை விலக்கி வெல்டிங்கைத் தடவினேன். துளிப் பிசிறு இல்லை. அப்போதுதான் என் எரிச்சல் சகலையை விட்டு வேறு பக்கம் திரும்பியது. மெஷின் போட்டதாகவே இருக்கட்டும், அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒருத்தன் நிற்பான். டீ குடித்துவிட்டு, என்னை மாதிரியே ஷிப்டுக்குப் போகிறவன். அவனுக்கு வேலை குவிந்து கிடக்கிறது. எங்களுக்குத் தீபாவளியிலிருந்து ஓவர்டைம் இல்லை. வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் கரண்ட் காருக்குப் போய்விட்டதாம். பொங்கல் கழித்து என் ஷிப்டில் பாதிப் பேரை நிறுத்தப்போகிறார்களாம். வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. முகம் தெரியாத அந்தச் சீனாக்காரன்மேல் வந்த பொறாமைக்கு முன்னால், சகலைமேல் இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

"ஆயில் மாத்த வாணாம், பொகை இல்ல, ஒரு பேஜாரும் இல்லப்பா" என்றார் சகலை.

"மேட்டுல இழுக்குமாண்ணே?" என்று கேட்டேன். இழுக்கும் என்று எனக்கே தெரியும்.

இறங்கியபோது மகள் காருக்குப் பின்னால் மண்டிபோட்டு, தலையை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். புதுப் பாவாடை முழுக்கப் புழுதி. எழுந்து நேரே சகலையிடம் போனாள்.

"பெரிப்பா, உன்ன நல்லா ஏமாத்திட்டாங்க. சைலன்ஸரே மாட்டல. எங்கப்பாகிட்ட குடு, மாட்டிக் குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான். சகலை அவளைத் தூக்கிக்கொண்டு, "இந்தக் காருக்கு அதெல்லாம் வாணாம் கண்ணு" என்றார். அவர் நல்ல மனுஷன். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முன்சீட்டில் அவளை உட்காரவைத்து ஒரு சுற்று போய்வந்தார்.

சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது, பாலாற்றுப் பாலம் தாண்டி டீக்கடையில் நிறுத்தினேன். அங்கே ஒரு கார் நின்றிருந்தது. மகள் பன்னைக் கடித்தபடி அதைத் தாண்டிப் போனாள், குனியவில்லை. நானே குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, எங்களுடையதுதான்.

"கண்ணு, இங்க வா. இது அப்பாவுது."

"பெரிப்பா காருதாம்பா சூப்பரா கீது" என்றாள் அவள்.