பல்லில் கவ்விய பறி

பழவேற்காடு ஏரியில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருந்தார். பேசினால் வேலை நிற்கும். தண்ணீர் ஆய்வுக்குப் போன நான், இறால் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டேன்.

பறியை வாயிலிருந்து எடுத்தார். "போன வருசமும் இதத்தான் கேட்ட. பாட்டில்ல தண்ணி புடிச்சினு போனியே, இன்னா ஆச்சி?"

"அறிக்கை இன்னும் வரலம்மா."

தோலுரிந்து சிவந்த விரல்களை நீட்டினார். "அறிக்கைய நீயே வச்சுக்க சார். இதுல எறங்கலாமா, வாணாமா? அத்த மட்டும் சொல்லு."

இறங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அறிக்கை அச்சாகும்வரை யாரிடமும் சொல்லாதே என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, பறியைக் கவ்விக்கொண்டு மறுபடி சேற்றில் கைவிட்டார். அவர் பேசாததற்கு வாயில் பறியாவது இருந்தது. என் வாயில் ஒன்றும் இல்லை.