அக்கா கேட்ட கோல்

ரங்கூனில் மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் பந்தாட்டம் தொடங்கும். ஊரெல்லாம் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது நாங்கள் மைதானத்தில் இறங்குவோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அங்கே பந்தாடத் தெரிந்தவனுக்கு வேலை தேடிக்கொண்டு வரும். என்னை ஓர் அரிசி மில் எடுத்துக்கொண்டது. பேருக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குக் காவல். உண்மையில் எங்கள் கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கத்தான் சம்பளம். அக்காவின் புருஷனை, அதாவது என் அத்தானை, ஒரு கப்பல் கம்பெனி வைத்திருந்தது. கோல் அடிப்பது அவர் வேலை. அதற்காக மூட்டை தூக்குவதிலிருந்து விடுதலையும் குடியிருக்க ஒரு லைன் வீடும் கொடுத்திருந்தார்கள்.

அந்த வருஷம் முதல் ஆட்டமே எங்கள் மில்லுக்கும் அவருடைய கம்பெனிக்கும். அத்தானுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. முதல் ஆட்டத்தில் கோல் அடித்தால் இருக்கலாம், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கம்பெனித் துரை சொல்லியனுப்பிவிட்டான். எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்த கால் அது.

ஆட்டத்தன்று காலையில் அக்கா மில்லுக்கே வந்துவிட்டாள். நிறைமாத வயிறு. மூச்சு வாங்க வாசலில் நின்றாள்.

"தம்பி, ஒரே ஒரு தடவ அவர விட்டுரு. வீடு போச்சுன்னா பிள்ளையப் பெத்து எங்க போட்டு வளப்பேன்?"

"அதெப்படிக்கா..." என்று இழுத்தேன்.

"அவருக்குத் தெரிய வேணாம்."

தலையாட்டி அனுப்பி வைத்தேன். வேறென்ன செய்ய, கூடப்பிறந்தவள் ஆயிற்றே.

சாயங்காலம் கொட்டுகிற மழை. வெறுங்காலோடு சேற்றில் ஆடினோம். அத்தானால் ஓடவே முடியவில்லை. "கிழவனுக்குக் கஞ்சி ஊத்துங்கடா" என்று வேலிக்கு அப்பாலிருந்து நம் தமிழ் ஆட்களே கத்தினார்கள். நாலு அறை கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு.

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து அத்தான் காலுக்கு வந்தது. நான் தடுக்கப் போவதுபோல் போய்க் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். எங்கள் கோல்காரன் மறுபக்கம் சாய்ந்திருந்தான். கோல் திறந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகூட அடித்துவிடும்.

அத்தான் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பந்தை வேண்டுமென்றே வெளியே உதைத்தார்.

பார்த்தவர்களுக்கு நான் தடுத்ததாகத்தான் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் மில்காரர்கள் என்னைத் தூக்க ஓடி வந்தார்கள். அதற்குள் அத்தான் பக்கத்தில் வந்துவிட்டார்.

"அவ சொன்னாளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானா அடிச்சா அடிச்சது, மாப்ள. நீ போட்டு நான் எடுக்க மாட்டேன்." முழங்காலில் அப்பிய சேற்றை வழித்துப் போட்டார். "நான் வேணும்னு வெளிய அடிச்சத அவகிட்டச் சொல்லிராத. அவகூட நான் குடும்பம் நடத்தணும்."

சரி என்றேன். என்ன மனுஷன் இவர் என்று கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மில்காரர்கள் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள்.

வீடு போய்விட்டது. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் ஒரு குடிசை பார்த்திருந்தார் அத்தான். பாத்திரம் பண்டங்களை நான்தான் படகுத்துறைக்குச் சுமந்து வந்தேன். அக்கா சம்பான் படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தோள்ல ஏறிப் போனியாமே, தம்பி."

அத்தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா" என்றேன்.

அக்கரையில் பெண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் சீராக வெள்ளி அரைஞாணும் சட்டைத் துணியும் வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து போனேன். அக்கா சீர்த் தட்டைத் தொடவில்லை. "இந்தப் பிள்ளைக்கு மாமன் கெடையாது" என்று சொல்லி வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே அத்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.