ரேம்ப்பில் நின்றுபோன பந்தயம்

போன வாரம் புதுக் காரில் ஃப்ரீவே ஏறினேன். ஏறினேன் என்பது ஒரு மரியாதைக்கு. காரே இடம் பார்த்து வழுக்கிக்கொண்டு சேர்ந்தது. என் வலது கால் மட்டும் பழைய விசுவாசத்தில் தரையை மிதித்தது. "அப்பா, ரிலாக்ஸ்! இட்ஸ் டிரைவிங் இட்செல்ஃப்" என்றாள் மகள்.

உள்ளே புது சீட் வாசனை. என் முதல் காரில் அதெல்லாம் கிடையாது. முந்தைய சொந்தக்காரரின் நாயும் பஷீரின் மீன்குழம்பு டப்பாவும்தான் மணக்கும்.

பஷீர், நான் அமெரிக்கா வந்த புதிதில் குபெர்டினோவில் என் அறைத்தோழன், கீழக்கரைக்காரன். டிரைவிங் டெஸ்டில் தோற்றுக்கொண்டே இருந்தவன். ஆனால் ஐம்பதுகளில் கார்ப் பந்தயம் ஓட்டிய ஓர் இத்தாலியரின் வாழ்க்கை அவனுக்கு மனப்பாடம். (பெயரைச் சொன்னால் நீங்கள் போனில் தேடுவீர்கள், அவன் சொன்னதில் பாதி புளுகு என்று தெரிந்துவிடும். வேண்டாம்.) ஆபீஸ் போகையில் தினம் ஒரு பந்தயம் சொல்வான். மோட்டார் சைக்கிளில் தொடங்கியது, பிரேக் போன காரை மலையிறக்கத்தில் கியராலேயே அடக்கியது, மழையில் கவிழ்ந்து கை நொறுங்கியது. கை முழுசாகக் கூடுமுன்பே அவர் திரும்பி வந்த பந்தயத்தில் கதை நின்றது. காரணம் நான்.

ஃப்ரீவேயில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏறுபாதையான ரேம்ப் முடிகிற இடத்தில் பிரேக் போட்டு, பந்தி காலியாகக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி நிற்பேன். பின்னால் ஊரே ஹார்ன் அடிக்கும். அப்புறம் ஆபீசுக்குச் சந்து வழிதான்.

"நம்மாளு ஒடஞ்ச கையோட கார்ல உக்காந்துட்டாரு. நீ நல்ல கைய வச்சிக்கிட்டு சந்துல போற! ஃப்ரீவே ஏறு மாப்ள, மீதி சொல்றேன்."

இந்த நிலையில், விசாவுக்காக ஊரில் காத்திருந்த என் மனைவி முதன்முதலாக விமானம் ஏறினாள். "கார்ல பறந்து வருவேன்" என்று போனில் அளந்திருந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டு முடிப்பதற்குள், விமானம் முன்னதாகவே இறங்கப்போவது தெரிந்தது. எல் கமினோ என்ற ஊர்ச் சாலையில் சிக்னல் சிக்னலாகப் போனால் இருட்டிவிடும். அவளிடம் இங்கே பேசுகிற போன் இல்லை. இந்த நாட்டில் அவளுக்குத் தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான். அதுவும் வெளிறிக் கிடந்தது.

"ஏறப்போறேன்டா."

டி ஆன்சா ரேம்ப். பஷீர் சீட் நுனிக்கு வந்தான்.

"கொடி விழுந்துருச்சு! நம்மாளு கெளம்பிட்டாரு! கை வலிக்குது, விடல! மிதிடா! பிரேக்ல கால வச்சே, கதை கட்!"

மிதித்தேன். ஒரு லாரிக்கு முன்னால் நுழைந்தோம். அலறியது பஷீர் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

ஏர்போர்ட் வரை மீதிப் பந்தயம் ஓடியது. அவர் ஜெயிக்கவில்லை, நாலாவது. கார் நின்ற பிறகும் ஸ்டியரிங்கை விட முடியாமல் இருந்தாராம், ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்களாம். பார்க்கிங்கில் என் விரல்களைப் பஷீர் பிரித்தான்.

"நாலாவதுதானா?"

"வந்து சேந்தாருல்ல!"

பெட்டிகளோடு நின்றிருந்தவள் என் கையைத் தொட்டதும் கேட்டாள். "என்னங்க, கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

"பறந்து வந்தேன்ல. காத்து."

பஷீர் இப்போது ரவுண்ட் ராக் என்ற தூரத்து ஊரில். அவன் காரும் தானே ஓடுகிறதாம். நாய் வாசனைக் கார் எந்தக் குப்பையில் போய்ச் சேர்ந்ததோ. போன வாரம் திரும்பும்போது, அதே ரேம்ப்பில், தானோட்டியை அணைத்துவிட்டு நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மிதித்தேன், சேர்ந்தேன். பக்கத்து சீட்டில் மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி விழுந்ததைச் சொல்ல ஆளில்லை.