கீழே பிடித்தவன்

பூனைக்கு நான் ஒரு மாதக் கூலி கடன்பட்டிருந்தேன். கைமாற்றாக வாங்கிய கடன் அல்ல. என் வாயால் வந்த கடன்.

இன்று எனக்குச் சொந்தமாக மூன்று லாரிகள் ஓடுகின்றன. பெருக்கல் வாய்ப்பாடு தலையில் ஏறுவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவன் நான். இன்று வங்கி மேலாளர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி காட்டுகிறார். ஆனாலும் பூனையை நினைத்தால் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.

அப்போது நாங்கள் ஆறு பேர் கூட்டாக, வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கி வந்தோம். முதலாளி கிடையாது. மாதக் கடைசியில் சமமாகப் பங்கு பிரிப்போம். உடைத்தவன் மட்டும் தன் பங்கிலிருந்து கட்டவேண்டும். எங்களில் ஒருவன் நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் அவனுக்குப் பூனை என்று பெயர். "பால மூடி வைங்கம்மா, எங்காளு வர்றான்" என்று வாசலிலேயே கேலி செய்வோம். அவனும் சிரிப்பான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு மாமியார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தான். தனியாக ஓர் அறை பார்த்து, முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

மாடிப்படியில் பீரோ இறக்கும்போது கீழே பிடிப்பவன் சொல்வதுதான் பேச்சு. பாரம் அவன் மார்பில் இருக்கிறது. அவன் "நில்லு" என்றால் மேலே இருப்பவன் கல்லாக நிற்கவேண்டும். நான் எப்போதும் மேலேதான் பிடிப்பேன். வீட்டுக்காரர் கண்ணில் படுகிற இடம் அது.

அன்று கண்ணாடிக் கதவு போட்ட பீரோ. படி திரும்பும் இடத்தில் பூனை, "நில்லுங்கண்ணே, இன்னும் காலு ஊனல" என்றான்.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையா நிறுத்தச் சொல்ற? எறங்குடா!" என்று ஒரு படி இறங்கிவிட்டேன். பீரோ சுவரில் மோதிக் கண்ணாடி சிதறியது.

அவர் கத்துவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கீழ புடிச்சவன் தடுமாறிட்டான் சார்."

பூனை என்னையே பார்த்தான். பிறகு குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். மாதக் கடைசியில் அவன் பங்கு முழுவதும் கண்ணாடிக்குப் போயிற்று. அறை வேறு யாருக்கோ போயிற்று.

மறுநாள் லாரியில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அண்ணே, இனிமே உங்களுக்குக் கீழ நான் புடிக்கமாட்டேன்."

"ஏன், மகாராஜாவுக்கு மேல்மாடிதான் வேணுமோ?"

"எங்க வேணா புடிக்கிறேன். உங்களுக்குக் கீழ மட்டும் வேணாம்."

நான் துள்ளினேன். இந்தக் கூட்டைச் சேர்த்ததே நான், உங்களுக்கெல்லாம் சோறு போட்டதே நான் என்று கத்தினேன். எங்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார். "நானும் மாட்டேம்ப்பா. எனக்குப் பேரப்புள்ளைங்களோட கொஞ்ச நாள் இருக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள்.

"போங்கடா, நானே கீழ புடிக்கிறேன்" என்று வீம்பாக இறங்கினேன். அன்று போன வீட்டின் மாடிப்படியில் மேலே பூனை. நான் கீழே பிடித்து வருஷக்கணக்காகியிருந்தது. முகத்துக்கு நேரே இரும்புப் பீரோ. கால் வைக்கவேண்டிய படி தெரியவில்லை. குதிகால் காற்றில் துழாவியது.

"நில்லு! நில்லுடா!" என்று அலறினேன்.

பீரோ இம்மியும் நகரவில்லை. மேலே பூனைக்கு மூச்சிரைப்பது கேட்டது. வீட்டுக்கார அம்மா, "ஏன் நின்னுட்டீங்க? சீக்கிரம் ஆகட்டும்" என்று அதட்டினாள்.

"கீழ ஆளு இருக்காரும்மா. அவரு சொல்லட்டும்" என்றான்.

நல்லவேளை, என் முகத்தைப் பீரோ மறைத்திருந்தது. கால் ஊன்றிய பிறகுதான் "எறக்கு" என்றேன்.

லாரியில் ஏறியதும் சொன்னேன்: "அன்னிக்கு அவன் நில்லுன்னு சொன்னான். நான்தான் நிக்கல."

"இத்தன நாளும் அத உள்ள வச்சுக்கிட்டு, அவன் பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சியேய்யா" என்றார் மூத்தவர்.

அடுத்த பங்கு வந்த அன்று, என் நோட்டுகளை மடித்தபடியே பூனையிடம் நீட்டினேன். "வச்சுக்கடா" என்றேன். தர்மம் கொடுப்பவன் குரல் அது. என் காதுக்கே கேட்டது.

அவன் வாங்கவில்லை. உள்ளங்கையை விரித்தான்.

"எண்ணிக் குடுங்கண்ணே. எல்லாரும் பாக்கட்டும்."

மடிப்பைப் பிரித்து, ஒவ்வொரு நோட்டாக, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணி அந்தக் கையில் வைத்தேன்.