செட்டுக்குச் செரிக்காத வார்த்தை

கடலூர் முதுநகரில் காதுகுத்தானாலும் கட்சிக் கூட்டமானாலும் ஜமாலுதீன் பாயின் மைக் செட்தான். மனுஷனுக்குத் தன் குழாய் ஸ்பீக்கர்கள் மேல் அப்படியொரு கிறுக்கு. பெண்டாட்டி ருக்கையாவின் முகத்தைப் பார்த்ததைவிட அவற்றைத் துடைத்ததுதான் ஜாஸ்தி.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்ததும் ஊருக்குள் ஒரு பேச்சாளர் முளைத்தார். வாராவாரம் கூட்டம். செட் யாருடையது? நம்ம பாயுடையதேதான், கூத்தைப் பாருங்கள்! "துலுக்கனெல்லாம் உளவாளி, கப்பலேத்தி அனுப்புங்க" என்று அவர் முழங்க, அதைத் தெருக்கோடிவரை கணீரென்று கொண்டுபோய்ச் சேர்த்தது ஜமாலுதீனின் கை. செட் தரமாட்டேன் என்றால் அதையே அடுத்த கூட்டத்தில் பேசுவார்களே. டீக்கடை சுப்புராயன், தினமும் மச்சான் மச்சான் என்று உருகுகிறவன், முன்வரிசையில் வேர்க்கடலை கொறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

சில வாரங்களில் பாய்க்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது, தூக்கம் போயிற்று. சிதம்பரத்து டாக்டர் அமுக்கிப் பார்த்து, "குடல்ல புண்ணு. காரத்த விடுங்க" என்றார்.

ருக்கையாவுக்கு வந்ததே கோபம். "எங் கொழம்பு மேல பழி போடாதீங்க டாக்டரு. இவுரு திங்கற காரம் காது வழியா போவுது."

கதையைக் கேட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அதையும் விடணும். இல்லேன்னா ரத்தமா கக்குவாரு."

அடுத்த கூட்டம். பேச்சாளர் "துலுக்கன்" என்று வாயெடுத்ததும் ஜமாலுதீனின் விரல் செட்டின் சத்தக் குமிழை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. செட் 'கூ'வென்று ஊளையிட்டது. பேச்சாளர் காதைப் பொத்தினார். மறுபடி அதே வார்த்தை, மறுபடி 'கூ'. மற்றதெல்லாம் தேனாய் வந்தது.

"என்ன பாய், செட்டு ரிப்பேரா?" என்று மேடையிலிருந்து அதட்டினார்.

"செட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. அந்த ஒரு வார்த்ததான் அதுக்குச் செரிக்க மாட்டேங்குது."

மைதானமே குலுங்கியது. அப்புறம் பேச்சாளர் வாய் திறக்கும் முன்பே கூட்டம் 'கூ' போட ஆரம்பித்துவிட்டது. மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு ஜமாலுதீன் குழம்புச் சட்டியை வழித்துத் தின்றார்.

மறுநாள் டீக்கடையில் சுப்புராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சிரிச்சு சிரிச்சு வயிறே புண்ணாயிடுச்சு மச்சான்."

"நீ மொத கூட்டத்துலயே சிரிச்சிருந்தா," என்றார் ஜமாலுதீன், "என் வயிறு புண்ணாயிருக்காது மச்சான். டீ வேணாம், பால் குடு."

சுப்புராயன் பாலை ஆற்றினான். ஆறி வெகுநேரமான பிறகும், தலை நிமிராமல் ஆற்றிக்கொண்டே இருந்தான்.