இரண்டாம் பாகத்தில் அவள் விழுந்தபோது

மாலை ஐந்து பத்துக்கு, அந்தச் சாகசப் படத்தின் இரண்டாம் பாகத்தில், கதாநாயகனின் குழுவிலிருக்கும் சின்னப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. அரங்கம் முழுக்கச் சிரித்தது.

என் பக்கத்தில் இருந்த மகளுக்கும் அதே நோய்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆசிரியர்களைத் தவிரப் பள்ளியில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

முதல் பாகத்தை அவள் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். குகைக்குள் வெள்ளம் ஏறும் நேரத்தில் அந்தப் பெண் விழுவாள். நாயகன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்கவைப்பான். சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். இசைகூடக் கிடையாது. தண்ணீர் மட்டும் நெருங்கிக்கொண்டே இருக்கும்.

“படம் முடிஞ்சதும் அவகிட்டச் சொல்லிடப் போறேன்மா” என்று காலையில் சொன்னாள். ‘அவள்’ என்றால் அவளுடைய பெஞ்சுத் தோழி. சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள்; மலையாளம் கலந்த தமிழ் பேசுவாள். அவளையும் அழைத்துக்கொண்டுதான் போயிருந்தோம்.

இரண்டாம் பாகத்தில் அதே பெண் வாயில் நுரை தள்ளக் கிடக்கிறாள். கேமரா அவள் முகத்தின் மேலேயே போய் நிற்கிறது. வில்லனின் ஆட்கள் பேய் என்று அலறி ஒருவர்மேல் ஒருவர் உருளுகிறார்கள். அவள் எழுந்து, வாயைத் துடைத்து, கண்ணடிக்கிறாள். உடனே ஹெலிகாப்டர் வந்துவிடுகிறது. படம் முழுக்க அத்தனை பாலங்களை எரித்துக் காட்டியவர்களுக்கு, ஒரு பெண் கண் விழிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. அவளே ஒரு பொருட்டில்லை என்று ஆனபிறகு, யார் எந்தப் பாலத்திலிருந்து குதித்தால் எனக்கென்ன?

தோழியும் சிரித்தாள். என் மகள் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பாத்ரூம் போவதாக எழுந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பின்னால் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாளே இல்லை. உள்ளே விழுந்தால் எப்படித் திறப்பது என்று கழற்றிவிட்டோம். தட்டினேன். “போம்மா” என்றாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அழுகிறாளா, விழுந்துவிட்டாளா? விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலையில் இருந்த கணவர் போனை எடுக்கவில்லை. ஈரத் தரையில் முட்டி போட்டுக் கதவின் அடியில் பார்த்தேன். இரண்டு செருப்புகள், அசையாமல். துப்புரவு வேலை செய்யும் பெண் ஆள் கூப்பிட ஓடினார். சுவருக்கு அப்பால் படம் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்றும் போகவில்லை.

ஆள் வருவதற்குள் தோழி வந்துவிட்டாள். என்னைத் தாண்டிப் போய்க் கதவில் கை வைத்தாள்.

“நானும் சிரிச்சுப் போயிட்டேன்டீ. சாரி. தாழை எடு கேட்டோ. ஸ்கூல்ல நீ பாத்ரூம்ல தாழ் போடாம இருக்கறப்ப, தினமும் நான்தானே கதவைப் பிடிச்சு நிக்கறேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?”

உள்ளே செருப்பு நகர்ந்தது. தாழ் விலகியது. கதவு திறக்கவில்லை. தோழி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க வெளியே போயி இருங்கோ ஆன்ட்டி. இவ மெல்ல வரட்டும். நான் பிடிச்சிருக்கேன்.”